‘நோட்டீஸ் போட்டாச்சு’ என்றால் போதுமா?

(அரசுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவர்கள், பேராசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் என மூன்று தரப்பினரும் கலந்துகொண்ட பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம். கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும்போதும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அலுவலக அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். கடைசி வரிசையில் போனை மடியில் வைத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். பரவாயில்லை, பாருங்க. நான் பேசப் போறதே அந்த போனைப் பத்தித்தான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘இன்றைய தலைமுறை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் எப்படித் துணை நிற்கலாம்?’ என்பது. நான் கல்வியாளர் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசின் செய்தித் துறையில் எழுத்து வேலை பார்க்கிறேன். அரசாணையில் இருக்கிறதை, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனில் படிக்கிறவருக்குப் புரியும்படி எழுதுவதுதான் என் வேலை. அதனால் எனக்குத் தெரிந்த அந்த ஒரு கோணத்தில் இருந்து மட்டும் பேசுகிறேன்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். நம்ம பிள்ளைகள் நிறைய பேர் கல்லூரியில் தடுமாறுவது படிப்பு வராததால் இல்லை. கல்லூரி என்கிற இடம் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லாததால். அதைச் சொல்வது ஒரு பெரிய திட்டம் கிடையாது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் எவ்வளவு பெரிய திட்டமும் பிள்ளையின் கைக்கு வந்து சேராது.

உள்ளே வருவது ஒன்று, நிலைத்து நிற்பது வேறு

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, உயர்கல்வி என்பது மிகச் சில குடும்பங்களுக்கு மட்டுமே எட்டிய ஒன்று. இன்றைக்கு நிலைமை வேறு. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வு 2021-22 அறிக்கைப்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47 சதவீதம். இது சும்மா வந்த எண் இல்லை. இலவசப் பஸ் பாஸ், கல்வி உதவித்தொகை, விடுதி, ஊருக்குப் பக்கத்திலேயே கல்லூரி என்று பல பேர் பல வருஷம் போட்ட உழைப்பு.

சமீப ஆண்டுகளில் இன்னும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி ‘புதுமைப் பெண்’ திட்டமும், 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் தொடங்கின. இரண்டிலும் தகுதியுள்ள மாணவர்களுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது.

இதன் விளைவு என்ன தெரியுமா? இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

(அரங்கில் பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன.)

பாருங்க சார். இவர்கள்தான் இன்றைய தலைமுறை மாணவர்கள். ‘ஜென் சி’ என்று ஆங்கிலப் பத்திரிகையில் எழுதுகிற பிள்ளைகள் மட்டும் இல்லை, இவர்களும்தான். இவர்களை உள்ளே கொண்டுவந்தாகிவிட்டது. இனிமேல் கேள்வி, மூன்று வருஷம் கழித்து எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போகிறார்கள் என்பது.

போன் தெரியும், ஃபாரம் தெரியாது

பெரியவர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள். “இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன சொல்லித் தரணும்? எல்லாம் போன்லயே இருக்கே!”

எல்லாம் போனில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தானே தேட முடியும்? அரை மணி நேரத்தில் அழகா ஒரு வீடியோ எடிட் பண்ணுகிற தம்பிக்கு, துறைத் தலைவருக்கு விடுப்புக் கடிதம் எழுதத் தெரியாமல் இருக்கலாம். அது அவன் தப்பு இல்லை. வீடியோவைச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். கடிதத்தைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

கல்லூரிக்கு என்று ஒரு தனி மொழி இருக்கிறது. போனஃபைட், இன்டர்னல் மார்க், அரியர், கண்டோனேஷன், ஹால் டிக்கெட், டி.சி. நமக்கு இது பழகிப்போன பேச்சு. அப்பாவோ அக்காவோ கல்லூரிக்குப் போன வீட்டில், ராத்திரி சாப்பிடும்போதே இதெல்லாம் காதில் விழுந்துவிடும். “இன்டர்னல் மார்க்கை விட்டுடாதே, அப்புறம் செமஸ்டர்ல கஷ்டப்படுவே” என்று ஒருத்தர் சொல்லியிருப்பார். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஒருத்தர் வீட்டில் இல்லை. அம்மா அப்பாவுக்கு அன்பு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஆனால் ‘கண்டோனேஷன்’ என்றால் என்ன என்று அவர்களிடம் போய்க் கேட்க முடியாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, இப்போது முதலாம், இரண்டாம் ஆண்டில் இருக்கிற பலரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒன்றரை வருஷம் வகுப்பு என்பது அவர்களுக்கு ஒரு சின்னத் திரை. வீட்டில் ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள். எழுந்து நின்று சந்தேகம் கேட்பது, ஆசிரியர் அறைக் கதவைத் தட்டுவது, பக்கத்தில் இருக்கிறவனிடம் நோட்டு வாங்குவது, இந்தப் பழக்கமெல்லாம் வர வேண்டிய வயதில் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். அதனால் ஒரு மாணவி வகுப்பில் வாயே திறக்கவில்லை என்றால், ‘அக்கறை இல்லை’ என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவளுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஒரு நோட்டீஸை எடுத்துக்கொள்வோம்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஒரு கல்லூரியில் அறிவிப்புப் பலகையில் இப்படி ஒரு நோட்டீஸ் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“நடப்புக் கல்வியாண்டில் பயிலும் மாணாக்கர் தங்களது விவரங்களை உரிய ஆவணங்களுடன் உரிய காலத்திற்குள் தொடர்புடைய பிரிவில் தவறாது சமர்ப்பிக்குமாறு இதன் மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள். தவறும் பட்சத்தில் நிர்வாகம் பொறுப்பேற்காது.”

இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைக்கு நான்கு கேள்வி வரும். எந்த விவரம்? எந்த ஆவணம்? எந்தத் தேதி? எந்த அறை? நான்குக்கும் இதில் பதில் இல்லை. தெளிவாகப் புரிகிற ஒரே வாக்கியம் கடைசி வாக்கியம்தான்: நிர்வாகம் பொறுப்பேற்காது!

இதையே இப்படி எழுதலாம்:

“உதவித்தொகை வேண்டுமா? முதலாம் ஆண்டு மாணவர்கள் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் அலுவலகம் 3-ஆம் கவுன்ட்டருக்கு வாருங்கள். கொண்டுவர வேண்டியவை: ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்று, வருமானச் சான்று - எல்லாம் ஜெராக்ஸ். வருமானச் சான்று இன்னும் வரவில்லையா? விண்ணப்பித்த ரசீதோடு வாருங்கள், வழி சொல்கிறோம். சந்தேகம் இருந்தால் உங்கள் டியூட்டரிடம் கேளுங்கள்.”

எழுத ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும். ஆனால் கவுன்ட்டரில் நாற்பது பேர் வந்து ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பது மிச்சமாகும். அலுவலக அண்ணன்கள் இங்கே தலையை ஆட்டுவது எனக்குத் தெரிகிறது.

பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. இணைப்புக் கல்லூரி மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்பது சான்றிதழில் இருக்கும் ஒரு பெயர். அவருக்குத் தெரிந்தது அவருடைய கல்லூரிதான். ஆனால் தேர்வுக் கட்டணம் எப்போது, மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்று முடிவு செய்வது பல்கலைக்கழகம். அந்தச் சுற்றறிக்கை பல்கலைக்கழகத்திலிருந்து முதல்வர் அறைக்கு வந்து, அங்கிருந்து துறைக்கு வந்து, அங்கிருந்து பலகைக்கு வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். மீதி நாளில் பிள்ளை பணத்துக்கு எங்கே போவான்? சுற்றறிக்கை கிளம்புகிற அன்றே, அதன் சுருக்கம் தமிழில் நான்கு வரியில் மாணவரின் போனுக்கும் போக வேண்டும். பி.டி.எஃப். மட்டும் போட்டால் போதாது. டேட்டா தீர்ந்துபோன போனில் பி.டி.எஃப். திறக்காது. குறுஞ்செய்தி வந்து சேரும்.

பணம் எங்கே போச்சு?

ஒரு முகாமில் ஒரு தங்கச்சியைச் சந்தித்தேன். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. வகுப்பில் எல்லாருக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, தனக்கு மட்டும் ஆறு மாசமாக வரவில்லை என்றாள். “எனக்குக் கிடைக்காதுன்னு நினைச்சு விட்டுட்டேன் அக்கா” என்றாள். யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். “ஆபீஸ்ல கேட்டேன். பேங்க்ல கேளுன்னாங்க. பேங்க்ல காலேஜ்ல கேளுன்னாங்க.”

அவள் சொன்ன அந்த ‘விட்டுட்டேன்’ என்ற வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இன்றைக்குப் பணத்தை விட்டவள், நாளைக்குப் படிப்பையும் இதே மாதிரி சத்தமில்லாமல் விட்டுவிடலாம்.

முகாமில் இருந்த ஒருவர் போனில் பார்த்துச் சொன்னார். பணம் போகாமல் இல்லை. பள்ளியில் படிக்கும்போது வேறொரு வங்கியில் ஒரு கணக்கு ஆரம்பித்து, பிறகு மறந்திருக்கிறாள். ஆதார் அந்தக் கணக்கோடுதான் இணைந்திருந்தது. ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படுகிற அரசுப் பணம், நாம் பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் போகும். பணம் அத்தனையும் அந்தப் பழைய கணக்கில் பத்திரமாக இருந்தது.

உங்களுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தால், ஆதார் ஆணையத்தின் ‘மை ஆதார்’ இணையதளத்தில் உள்ளே போய், வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த வங்கி என்று அதிலேயே தெரியும். ஆதாரோடு இணைத்த போன் எண் கையில் இருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது: சேர்க்கை நடக்கிற முதல் மாதத்திலேயே, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்குங்கள். எல்லாரும் போனை எடுத்து வங்கி இணைப்பைச் சரிபார்க்கட்டும். பெயரும் இனிஷியலும் ஆதாரில், மதிப்பெண் பட்டியலில், பாஸ்புக்கில் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கட்டும். யூ.எம்.ஐ.எஸ். எனப்படும் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் தளத்தில் தங்கள் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பொறுப்பு ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். உதவித்தொகைக் கோப்பு நிற்பது பெரும்பாலும் தகுதி இல்லாததால் அல்ல, ஒரு எழுத்து மாறியிருப்பதால்.

ஒரு ஆள் வேண்டும்

நம் கல்லூரிகளில் ‘டியூட்டர் - வார்டு’ என்று ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. இருபது, முப்பது மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர். நல்ல ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் அது நாக் குழு வரும்போது காட்டுகிற நோட்டாக மட்டும் இருக்கிறது என்று மாணவர்களே சொல்கிறார்கள். அந்த நோட்டுக்கு உயிர் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எப்படி? வருகைப் பதிவேட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. வழக்கமாக என்ன நடக்கிறது? செமஸ்டர் முடிவில் கணக்குப் போட்டு, குறைந்தவர்கள் பட்டியலை ஒட்டுகிறோம். அது பிரேதப் பரிசோதனை மாதிரி. காரணம் தெரியும், ஆனால் ஆளைக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பதிலாக, தொடர்ந்து ஐந்து நாள் வராத பிள்ளைக்கு ஆறாம் நாள் டியூட்டர் ஒரு போன் போட்டால்? “ஏன் வரலை?” என்ற விசாரணையாக இல்லாமல், “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்ற ஒரு கேள்வி.

பதில் பல விதமாக இருக்கும். அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட் இருப்பதால், காலையில் படித்துவிட்டு மதியம் ஜவுளிக்கடைக்கோ உணவு டெலிவரிக்கோ போகிற பிள்ளைகள் உண்டு. ஆடி மாதமும் தீபாவளியும் வந்தால் கடையில் லீவு கிடைக்காது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். பஸ் நேரம் மாறியிருக்கலாம். இதில் எல்லாவற்றையும் கல்லூரி தீர்க்க முடியாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வழி சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நான் வரலைன்னு ஒருத்தர் கவனிச்சாங்க’ என்பதே அந்தப் பிள்ளையைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவரும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் முதல் தலைமுறைப் பிள்ளைகளும் அதிகம். இடம் கிடைத்த பிறகும், கோடை விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும்போது பலர் வந்து சேராமல் போனார்கள். காரணம் பார்த்தால், ஏதோ ஒரு படிவம், ஏதோ ஒரு தடுப்பூசிச் சான்று. 2016-இல் அவர்கள், குறுஞ்செய்தியில் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கிற ஒரு தானியங்கி ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் கோடையிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் போயின. வராமல் போகிறவர்களின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு முன்பே, 2011-இலிருந்து, சிறு தொகை பாக்கிக்காகப் படிப்பு அறுபடும் நிலையில் இருந்த மாணவர்களுக்கு அந்தப் பாக்கியைக் கட்டச் சிறு மானியமும் கொடுத்து வந்தார்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தொழில்நுட்பத்தை அல்ல. வழியில் இருக்கிற சின்னக் கல்லை முதலில் தேடிப் பார்த்தார்கள் பாருங்கள், அந்தப் பழக்கத்தை. நம் பல்கலைக்கழகங்களிலும் முன்னாள் மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிற ஒரு பிள்ளைக்கு, ஆண்டுவிழாப் பந்தல் செலவில் ஒரு சின்னப் பங்கு போதும்.

மனசும் பாடத்திட்டத்தில் சேர்ந்ததுதான்

படிப்பைத் தாண்டி, மனநலம். முன்பெல்லாம் இதைப் பேசவே தயங்குவோம். 2022-இல் 14416 என்ற டெலி மானஸ் உதவி எண் வந்தது. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அதே ஆண்டு மருத்துவக் கல்லூரிகளில் ‘மனநல நல்லாதரவு மன்றம்’, சுருக்கமாக ‘மனம்’ என்ற அமைப்பையும் தமிழ்நாடு அரசு தொடங்கியது.

எண் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைக் கூப்பிடுகிற நிலையில் இருக்கிற பிள்ளை, எண்ணைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான். அதனால் அடையாள அட்டையின் பின்பக்கத்தில், ஹால் டிக்கெட்டில், விடுதிக் கதவில், தேர்வு முடிவு வரும் பக்கத்தில் அதை அச்சிடுங்கள். குறிப்பாகத் தேர்வு முடிவு வருகிற நாளில். ‘அரியர் வந்தால் இத்தோடு முடிந்துவிடாது, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி இது’ என்ற ஒரு வரி, மதிப்பெண்ணுக்குக் கீழேயே இருக்கட்டும். ஒரு வரிதான். அந்த ராத்திரியில் அது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள்.

ராகிங் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவிலேயே முன்னோடியாகத் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை விதிகள் 2009-இல் வந்தன. இன்றைக்கு ராகிங் விடுதி மாடியில் மட்டும் நடப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து வைத்து, ராத்திரி முழுக்க மிரட்டுவதும் ராகிங்தான். சீனியர் தம்பிகளே, ஜூனியருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, போனஃபைட் வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது. மரியாதை தானா வரும்.

கேட்டால் மட்டும் போதாது, பதிலும் சொல்ல வேண்டும்

‘மாணவர் பங்கேற்பு’ என்று எல்லா அறிக்கையிலும் எழுதுகிறோம். செமஸ்டர் முடிவில் கூகுள் ஃபாரம் அனுப்பிக் கருத்துக் கேட்கிறோம். பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஏன்? எழுதினால் ஒன்றும் நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதை மாற்ற ஒரு எளிய வழி இருக்கிறது. ‘நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் செய்தோம்’ என்று மாதம் ஒரு பக்கம் போடுங்கள். ‘மகளிர் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றீர்கள். மோட்டார் மாற்றியாச்சு. நூலகத்தை மாலை 7 மணி வரை திறக்கச் சொன்னீர்கள். ஆள் பற்றாக்குறையால் இந்த மாதம் முடியாது. ஜனவரியில் மறுபடி பார்க்கிறோம்.’ முடியாது என்பதும் ஒரு பதில்தான். காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். பதிலே இல்லாமல் இருப்பதுதான் கோபத்தை உண்டாக்கும்.

சட்டப்படியும் இதற்கு வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் தன் பரிந்துரையைக் கொடுக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழக அளவில் இருக்கும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கல்லூரி இணையதளத்தில் பாருங்கள். இல்லையென்றால், கேளுங்கள். கேட்பது எதிர்ப்பு இல்லை, உரிமை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் இது பொருந்தும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடு தந்திருக்கிறது. இடம் கொடுத்துவிட்டு வகுப்பை இரண்டாவது மாடியில் வைத்தால் அந்த இடத்துக்கு என்ன அர்த்தம்? வகுப்பைக் கீழே மாற்ற நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு கால அட்டவணை போதும்.

தம்பி தங்கைகளுக்கு ஐந்து வேலை

இவ்வளவு நேரம் சார்களையும் மேடம்களையும் பார்த்துப் பேசினேன். இப்போது உங்களிடம். இந்த வாரத்துக்குள் ஐந்து வேலை செய்துவிடுங்கள்.

ஒன்று: டிஜிலாக்கர் செயலியைப் போட்டு, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அதில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம்.

இரண்டு: ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று: முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று இவற்றில் எது உங்களிடம் இல்லையோ, அதற்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கடைசி நாள் அறிவித்த பிறகு ஓடினால் சர்வரும் ஓடாது.

நான்கு: உங்கள் டியூட்டர் யார், அவர் அறை எது என்று தெரிந்துகொண்டு, ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில் போய் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பிரச்சினை வரும் நாளில் கதவைத் தட்டுவது சுலபமாக இருக்கும்.

ஐந்து: ‘உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க’ என்று போன் வந்தால் கட் பண்ணுங்கள். எந்த அரசு அலுவலகமும் ஓ.டி.பி. கேட்காது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

பேராசிரியர்களுக்கும் அலுவலகத்துக்கும் ஒரே ஒரு வேலைதான். அடுத்த நோட்டீஸைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால், ஒரு முதலாம் ஆண்டு மாணவரைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்லுங்கள். “இப்ப நீ என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் ஒட்டுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், நோட்டீஸைத் திருத்துங்கள்.

கேள்வி இருக்கிறவங்க கேளுங்க. ஒருத்தர் கேட்டால், கேட்கத் தயங்குகிற பத்து பேருக்கும் பதில் கிடைக்கும்.

போனில் சேமித்து வையுங்கள்

மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416
ராகிங் தடுப்பு உதவி எண்: 1800-180-5522
மகளிர் உதவி எண்: 181
இணையவழிப் பண மோசடி: 1930
முதல்வரின் முகவரி - அரசு சேவை தொடர்பான குறைகள்: 1100